ஆரஞ்சு குளிர்பானத்தில் சன்செட் யெல்லோ எவ்வளவு? மின்வேதியியல் சென்சாரால் அளக்க முழுமையான வழிகாட்டி

ஆரஞ்சு நிறக் குளிர்பானம் ஒன்றில் சன்செட் யெல்லோ என்னும் செயற்கைச் சாயம் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை, ஒரு பொட்டென்ஷியோஸ்டாட்டையும் (மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தி மின்னோட்டத்தை அளக்கும் கருவி) மூன்று மின்முனைகளையும் கொண்டு அளக்கும் வேலைமுறை இது. கல்லூரி ஆய்வகத்தில் முதல்முறையாக மின்வேதியியல் திட்டத்தைத் தொடங்கும் முதுகலை மாணவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். முதல் நாளே நானோ பொருளைக் கரைத்து மின்முனையில் பூசிவிடுகிறார்கள். திரையில் ஒரு மின்னோட்ட உச்சம் தெரிந்ததும் சென்சார் தயார் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பானத்தைச் சேர்த்த பிறகு எண்கள் முன்னுக்குப் பின் முரணாக வருகின்றன. குற்றம் பூச்சிலா, ஒப்பீட்டு மின்முனையிலா, வடிகட்டியிலா என்று அப்போது பிரித்தறிய வழியே இருப்பதில்லை. ஆகவே கீழே உள்ள படிகளில் எதையும் முன்னுக்குப் பின் மாற்ற வேண்டாம். ஒரு படி தேறிய பிறகே அடுத்ததைத் தொடங்குங்கள்.

1. எதை, எந்த அளவில், எந்தத் திசையில்: முதலில் எழுதிவையுங்கள்

ஆய்வகக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் மூன்று விவரங்கள் இருக்க வேண்டும்.

முதலாவது, பொருள். சன்செட் யெல்லோ எஃப்சிஎஃப், உணவு லேபிள்களில் ஐஎன்எஸ் 110 அல்லது இ110 என்று வரும். மோலார் நிறை 452.37 கிராம். இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட செயற்கை உணவுச் சாயங்களுள் ஒன்று. ஆனால் எல்லா உணவிலும் சேர்க்க அனுமதி இல்லை. மிளகாய்த்தூள் போன்றவற்றில் அறவே கூடாது.

இரண்டாவது, செறிவு. அனுமதி உள்ள குளிர்பானங்களில் செயற்கைச் சாயத்துக்கான உச்சவரம்பு 100 பிபிஎம், அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 100 மில்லிகிராம். மோலாராக மாற்றினால் 221 மைக்ரோமோலார். பானத்தை நூறு மடங்கு நீர்த்தால் வரம்பு 2.2 மைக்ரோமோலாருக்கு வந்துவிடும். ஆகவே உங்கள் சென்சார் 0.2 முதல் 5 மைக்ரோமோலார் வரை நம்பத்தக்கதாக இருந்தால் போதும். ஆய்வுக் கட்டுரைகளில் நானோமோலார் அளவுகளைப் பார்த்துவிட்டு அதை எட்ட மாதக்கணக்கில் பாடுபடும் மாணவர்கள் உண்டு. இந்த வேலைக்கு அது தேவையில்லை.

மூன்றாவது, திசை. இந்தச் சாயத்தை இரு வழிகளில் அளக்கலாம். மூலக்கூறின் நடுவிலுள்ள அசோ பிணைப்பை எதிர் மின்னழுத்தத்தில் ஒடுக்கலாம். அல்லது நாஃப்தால் பகுதியிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதியை நேர் மின்னழுத்தத்தில் ஆக்சிஜனேற்றம் செய்யலாம். தொடக்கநிலையினருக்கு இரண்டாவதே ஏற்றது. எதிர்ப்பக்கம் போனால் கரைசலில் கரைந்துள்ள காற்றின் ஆக்சிஜனும் ஒடுங்கி மின்னோட்டம் தரும். ஒவ்வோர் அளவீட்டுக்கும் முன் நைட்ரஜன் செலுத்தி அதை வெளியேற்ற வேண்டியிருக்கும். ஆக்சிஜனேற்றத் திசையில் அந்தத் தொல்லை இல்லை.

2. தொடங்குமுன் மேசையில் இருக்க வேண்டியவை

வேறுபாட்டுத் துடிப்பு வோல்டாமெட்ரி (மின்னழுத்தத்தைத் துடிப்புகளோடு ஏற்றி மின்னோட்டத்தை அளக்கும் முறை) செய்யக்கூடிய பொட்டென்ஷியோஸ்டாட். 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கார்பன் செயல் மின்முனை. 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு நிரப்பிய வெள்ளி–வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்முனை. பிளாட்டினக் கம்பியாலான துணை மின்முனை. 10 மில்லிலிட்டர் கண்ணாடிக் கலம். சிறிய காந்தக் கலக்கி.

தேய்ப்பதற்கு 1, 0.3, 0.05 மைக்ரான் அளவுள்ள அலுமினாத் தூள்கள் வேண்டும். ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனி தேய்ப்புத் துணி கட்டாயம். பெரிய துகள் ஒன்று சிறிய துகளுக்கான துணியில் கலந்துவிட்டால், கடைசிக் கட்டத்தில் பரப்பை மீண்டும் கீறிவிடும்.

மைக்ரோபைப்பெட்டைச் சரிபாருங்கள். 10 மைக்ரோலிட்டர் நீரை நான்கு தசம இலக்கத் தராசில் நிறுத்தால் 10 மில்லிகிராம் வர வேண்டும். பத்து முறை செய்து பாருங்கள். எண்கள் சிதறினால் பைப்பெட்டையோ உங்கள் கையையோ திருத்திய பிறகே மேலே செல்லுங்கள். பின்னால் வரும் கணக்கு முழுவதும் இந்த 10 மைக்ரோலிட்டரை நம்பியே நிற்கிறது.

3. கரைசல்கள்: சாயத்தின் தூய்மையை மறக்காதீர்கள்

தாங்கல் கரைசலாக (பிஎச் எளிதில் மாறாமல் காக்கும் கரைசல்) 0.1 மோலார் பாஸ்பேட், பிஎச் 7 எடுத்துக்கொள்ளுங்கள். 0.2 மோலார் ஒற்றை ஹைட்ரஜன் பாஸ்பேட் (HPO₄²⁻ உப்பு) 61 மில்லிலிட்டரும், 0.2 மோலார் இரட்டை ஹைட்ரஜன் பாஸ்பேட் (H₂PO₄⁻ உப்பு) 39 மில்லிலிட்டரும் கலந்து 200 மில்லிலிட்டராக்கினால் அந்த அளவை ஒட்டி வரும். பிறகு பிஎச் மீட்டரில் பார்த்துத் திருத்துங்கள்.

குளிர்பானங்களின் பிஎச் பொதுவாக 3ஐ ஒட்டியிருக்கும். தாங்கல் வலுவாக இல்லாவிட்டால் பானம் சேர்ந்ததும் பிஎச் இறங்கிவிடும். புரோட்டான் பங்கேற்கும் வினை என்பதால் உச்சமும் இடம் மாறும். நூறு மடங்கு நீர்த்தலும் 0.1 மோலார் தாங்கலும் சேர்ந்து அந்த நகர்வைத் தடுக்கின்றன.

அடுத்து 1 மில்லிமோலார் சாய இருப்புக் கரைசல். நூறு மில்லிலிட்டருக்கு 45.2 மில்லிகிராம் என்று கணக்கிட்டு நேராக நிறுத்துவிடுகிறார்கள். அங்கேதான் முதல் பெரிய பிழை. புட்டியின் லேபிளில் சாய உள்ளடக்கம் என்ன சதவீதம் என்று பாருங்கள். விற்பனைக்கு வரும் சாயங்களில் உப்பும் ஈரமும் கலந்தே இருக்கும். உள்ளடக்கம் 90 சதவீதம் என்றால் 50.3 மில்லிகிராம் எடுக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் இறுதி விடையில் பத்து சதவீதப் பிழை நிலையாக உட்கார்ந்துகொள்ளும். எத்தனை முறை திரும்ப அளந்தாலும் அது வெளியே தெரியாது.

கரைசலைப் பழுப்பு நிறக் குடுவையில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். எடுத்தவுடன் பயன்படுத்தாமல் அறை வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருங்கள். குளிர்ந்த கரைசலைப் பைப்பெட் சரியாக அளக்காது.

4. ஒப்பீட்டு மின்முனை

ஐந்து நிமிட வேலை, ஆனால் பலர் செய்வதில்லை. ஒரே வகையான இரண்டு வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனைகளை 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் வைத்து, இடையிலுள்ள மின்னழுத்தத்தை மல்டிமீட்டரில் பாருங்கள். 5 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் உள்ளே நிரப்பிய கரைசலை மாற்றுங்கள். நுண்துளை முனையில் காற்றுக்குமிழி சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரவில் இதை வெறும் தண்ணீரில் நிற்கவிடக் கூடாது. உள்ளிருக்கும் குளோரைடு மெல்ல வெளியேறி, மின்னழுத்தம் நாளுக்கு நாள் நகரும். மறுநாள் உச்சம் வேறிடத்தில் தோன்றும்போது, சாயம் ஏதோ புதிதாகச் செய்கிறது என்று மாணவர்கள் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதிவிடுகிறார்கள்.

5. செயல் மின்முனையைத் தேய்த்தல்

இந்த வேலைமுறையில் அதிகப் பொறுமை கேட்கும் படி இது. கார்பன் பரப்பில் முந்தைய சாயம், கைரேகை எண்ணெய், பழைய பூச்சு எது எஞ்சியிருந்தாலும் எலெக்ட்ரான் பரிமாற்றம் மந்தமாகும்.

ஈரத் துணியில் 1 மைக்ரான் அலுமினாவைச் சிறிது இட்டு, மின்முனையைச் செங்குத்தாகப் பிடித்து, எட்டு என்ற எண்ணின் வடிவில் இரண்டு நிமிடம் தேயுங்கள். எட்டின் வடிவில் தேய்த்தால் பரப்பின் எல்லாப் பகுதியும் ஒரே அளவு தேயும். ஒரே திசையில் இழுத்தால் கோடுகள் விழும். சாய்த்துப் பிடித்தால் கார்பனுக்கும் அதைச் சூழ்ந்த பிளாஸ்டிக் உறைக்கும் இடையே விளிம்பு தேய்ந்து இடைவெளி விழும். கரைசல் அதற்குள் புகுந்து பின்னணி மின்னோட்டத்தைக் கூட்டிவிடும்.

நன்றாகக் கழுவிவிட்டு 0.3 மைக்ரான், மீண்டும் கழுவி 0.05 மைக்ரான். கடைசியில் எத்தனாலிலும் பிறகு தூய நீரிலும் மீயொலிக் குளியலில் தலா ஒரு நிமிடம் வையுங்கள். நீண்ட நேரம் வைத்தால் கார்பனை உறையுடன் இணைக்கும் பிசின் தளரும்.

பரப்பு கண்ணாடிபோல் பளபளக்க வேண்டும். நீர்த்துளியை வைத்தால் சீராகப் பரவ வேண்டும். வெண்மைப் படலம் தெரிந்தால் அலுமினா ஒட்டியிருக்கிறது என்று பொருள். கழுவிவிட்டு மீண்டும் பாருங்கள். திசுத்தாளால் துடைக்காதீர்கள், அதன் இழைகள் ஒட்டிக்கொள்ளும்.

6. ஃபெர்ரிசயனைடு சோதனை: இதில் தேறாமல் சாயத்தைத் தொடாதீர்கள்

தேய்த்தது போதுமா என்பதைக் கண்ணால் முழுமையாகச் சொல்ல முடியாது. 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடில் 1 மில்லிமோலார் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு கரைத்து, நொடிக்கு 100 மில்லிவோல்ட் வேகத்தில் சுழற்சி வோல்டாமெட்ரி (மின்னழுத்தத்தை முன்னும் பின்னும் வருடி மின்னோட்டத்தைப் பதியும் முறை) எடுங்கள்.

இரண்டு எண்களைப் பாருங்கள். ஆக்சிஜனேற்ற உச்சத்துக்கும் ஒடுக்க உச்சத்துக்கும் உள்ள மின்னழுத்த வேறுபாடு கோட்பாட்டின்படி 59 மில்லிவோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். நடைமுறையில் 80க்குள் வந்தால் ஏற்றுக்கொள்ளலாம். 120, 150 என்று வந்தால் மீண்டும் தேய்ப்புத் துணிக்கே செல்லுங்கள்.

அடுத்தது உச்ச மின்னோட்டம். 3 மில்லிமீட்டர் மின்முனையின் வடிவியல் பரப்பு 0.0707 சதுர சென்டிமீட்டர். ஃபெர்ரிசயனைடின் விரவல் (diffusion) குணகம் நொடிக்கு 7.6 × 10⁻⁶ சதுர சென்டிமீட்டர். உச்ச மின்னோட்டத்தைக் கணிக்கும் ராண்டில்ஸ்–செவ்சிக் சமன்பாட்டில் இவற்றை இட்டால் 16.6 மைக்ரோஆம்பியர் கிடைக்கும். உங்கள் அளவு இதில் பாதியாக இருந்தால் பரப்பின் பெரும்பகுதி வேலை செய்யவில்லை. இரு மடங்காக இருந்தால் விளிம்பில் இடைவெளி இருக்கிறது, அல்லது கரைசலின் செறிவு தவறு.

இந்த வரைபடத்தை ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் எடுத்துச் சேமியுங்கள். பின்னால் எண்கள் பிசகும்போது மின்முனையைச் சந்தேகிப்பதா வேண்டாமா என்பதை இந்தக் கோப்புகளே தீர்த்துவைக்கும். ஃபெர்ரிசயனைடு கழிவை அமிலக் கழிவுடன் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு உண்டாகும் ஆபத்து இருக்கிறது.

7. முதலில் வெற்றுக் கரைசல், பிறகே சாயம்

கலத்தில் தாங்கல் கரைசலை மட்டும் ஊற்றி 0 முதல் 1.1 வோல்ட் வரை சுழற்சி வோல்டாமெட்ரி எடுங்கள். இந்த இடைவெளியில் எந்த உச்சமும் இருக்கக் கூடாது. சிறு மேடு தெரிந்தால் கலமோ, கலக்கியோ, தாங்கலோ அழுக்காக இருக்கிறது. காந்தக் கலக்கித் துண்டின் பிளாஸ்டிக் உறையில் கீறல் இருந்தால் சாயம் அதில் தங்கும்; பலமுறை குற்றவாளி அதுவாகவே இருக்கும்.

இப்போது சாயத்தை 20 மைக்ரோமோலார் அளவுக்குச் சேர்த்து மீண்டும் எடுங்கள். ஏறக்குறைய 0.6 முதல் 0.75 வோல்ட்டுக்குள் ஆக்சிஜனேற்ற உச்சம் வரும். இரண்டாவது சுற்றில் அது சிறுத்துவிடும். ஆக்சிஜனேற்றத்தில் உண்டான விளைபொருள் பரப்பில் படிவதே காரணம். ஆகவே எப்போதும் முதல் சுற்றின் எண்ணையே எடுங்கள். ஒவ்வோர் அளவீட்டுக்கும் பரப்பைப் புதுப்பியுங்கள்.

அடுத்து, வருடும் வேகத்தை நொடிக்கு 20 முதல் 300 மில்லிவோல்ட் வரை மாற்றிப் பாருங்கள். உச்ச மின்னோட்டம் வேகத்தின் வர்க்கமூலத்தோடு நேர்கோட்டில் ஏறினால் சாயம் கரைசலிலிருந்து விரவி வருகிறது. வேகத்தோடு நேரடியாக ஏறினால் பரப்பில் ஒட்டிக்கொண்டு வினைபுரிகிறது. ஒட்டும் தன்மை இருந்தால் அடுத்த படியில் சாயத்தைச் சேகரிக்க நேரம் கொடுத்து உணர்திறனைக் கூட்டலாம். அதே தன்மையால் முந்தைய மாதிரியின் எச்சம் அடுத்த அளவீட்டில் வந்து சேரும் ஆபத்தும் உண்டு.

8. அளவீட்டு முறையை நிலைநிறுத்துதல்

சுழற்சி வோல்டாமெட்ரி வினையைப் புரிந்துகொள்ள உதவும். செறிவை அளக்க வேறுபாட்டுத் துடிப்பு வோல்டாமெட்ரியே ஏற்றது. துடிப்புக்கு முன்னும் துடிப்பின் முடிவிலும் மின்னோட்டத்தைப் பதிந்து கழிப்பதால், பரப்பு மின்னேற்றம் பெறுவதால் எழும் பின்னணி பெருமளவு நீங்கிவிடும்.

துடிப்பின் உயரம் 50 மில்லிவோல்ட், அகலம் 50 மில்லிநொடி, படி 4 மில்லிவோல்ட் என்று தொடங்குங்கள். உயரத்தைக் கூட்டினால் உச்சம் பெரிதாகும், கூடவே அகலமும் ஆகும். பக்கத்தில் வேறு சாயம் இருந்தால் இரண்டும் ஒன்றிவிடும்.

கலக்கியை ஓடவிட்டு 60 நொடி சாயத்தைப் பரப்பில் சேரவிடுங்கள். கலக்கியை நிறுத்தி 10 நொடி கரைசல் அடங்கட்டும். பிறகு வருடுங்கள். கலக்கும் வேகம், கலக்கித் துண்டு இருக்கும் இடம், மின்முனை மூழ்கும் ஆழம் மூன்றையும் குறித்துவைத்து மாற்றாமல் பின்பற்றுங்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்து ஏறக்குறைய நிறுத்துவது போதாது. மென்பொருளிலேயே நேரத்தை அமையுங்கள்.

அளவீட்டுக்குப் பின் மின்முனையைத் தூய தாங்கலில் வைத்து, உச்சம் மறையும்வரை 0 முதல் 1.1 வோல்ட் வரை சுழற்றுங்கள். மறையவில்லை என்றால் 0.05 மைக்ரானில் தேயுங்கள். ஒரே கரைசலை ஐந்து முறை அளந்தால் ஒப்பீட்டுத் திட்டவிலக்கம் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இதை எட்டாதவர் அடுத்த படிக்குப் போவதால் பயனில்லை.

9. நானோகுழாய்ப் பூச்சு: தேவைப்பட்டால் மட்டும்

பூசாத மின்முனையிலேயே 0.2 மைக்ரோமோலார் தெளிவாகத் தெரிந்தால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். தெரியாவிட்டால், கார்பாக்சில் தொகுதி ஏற்றப்பட்ட பலசுவர் கார்பன் நானோகுழாய்களை டைமெத்தில் ஃபார்மமைடில் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் வீதம் அரை மணி நேரம் மீயொலியில் கலக்குங்கள். அந்தக் கரைப்பான் தோல் வழியே உடலுக்குள் செல்லும்; கையுறையும் புகைப்போக்கிப் பெட்டியும் கட்டாயம்.

5 மைக்ரோலிட்டரை மின்முனையின் நடுவில் விட்டு, அகச்சிவப்பு விளக்கின்கீழ் மெதுவாக உலரவிடுங்கள். அவசரப்பட்டு அருகில் வைத்தால் துகள்கள் விளிம்புக்கு ஓடி வளையமாகப் படியும், நடுப்பகுதி வெறுமையாகிவிடும்.

பூச்சால் உச்சம் பெரிதாவதைக் கண்டு மகிழ்வதற்கு முன் பின்னணி மின்னோட்டத்தையும் பாருங்கள். உச்சம் ஐந்து மடங்கு, பின்னணி பத்து மடங்கு என்றால் நீங்கள் பின்னோக்கிப் போயிருக்கிறீர்கள். தனித்தனியாக மூன்று முறை பூசி ஒரே கரைசலை அளந்து பாருங்கள். அவற்றுக்குள் வேறுபாடு 10 சதவீதத்தைத் தாண்டினால், என் கணிப்பில், பூச்சு முறையை மாற்றுவது நல்லது. ஒரே ஒரு நல்ல மின்முனையை வைத்துக் கட்டுரை எழுதிவிடலாம். ஆனால் அதை இன்னொருவரால் திரும்பச் செய்ய முடியாது.

பூசிய மின்முனையைத் தேய்க்க முடியாது என்பதால் 8ஆம் படியில் சொன்ன சுழற்றும் முறையாலேயே துப்புரவாக்க வேண்டும். வெற்றுக் கரைசலில் எச்சம் மறைகிறதா என்பதை ஒவ்வொரு முறையும் உறுதிசெய்யுங்கள்.

10. அளவுத்திருத்தக் கோடு

குறைந்த செறிவிலிருந்து கூடிய செறிவுக்கு ஏறுங்கள்: 0.2, 0.5, 1, 2, 3, 5 மைக்ரோமோலார். தலைகீழாகச் சென்றால் கூடிய செறிவின் எச்சம் குறைந்த செறிவின் எண்ணைக் கெடுக்கும். ஒவ்வொன்றையும் மூன்று முறை அளங்கள்.

தொடர்புக் கெழு 0.999 வந்துவிட்டது என்று நிறைவடையாதீர்கள். ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று தனி வரைபடம் போடுங்கள். மேல் முனையில் புள்ளிகள் தொடர்ந்து கோட்டுக்குக் கீழே விழுந்தால் பரப்பில் இடம் நிரம்பத் தொடங்கிவிட்டது. சேகரிக்கும் நேரத்தை 60 நொடியிலிருந்து 30க்குக் குறையுங்கள், அல்லது மேல் புள்ளிகளை விட்டுவிடுங்கள்.

கண்டறியும் எல்லை என்பது திட்டவிலக்கத்தின் மூன்று மடங்கைச் சாய்வால் வகுத்தால் வருவது. எதன் திட்டவிலக்கம் என்பதில்தான் குழப்பம். வெற்றுக் கரைசலில் உச்சமே இல்லாதபோது அதில் மென்பொருள் காட்டும் சிறு இரைச்சலை எடுத்து வகுத்தால், நம்ப முடியாத அளவுக்குச் சிறிய எல்லை கிடைக்கும். மிகக் குறைந்த செறிவுள்ள திட்டக் கரைசலை (செறிவு துல்லியமாகத் தெரிந்த கரைசல்) பத்து முறை அளந்து அதன் திட்டவிலக்கத்தைப் பயன்படுத்துங்கள். பிறகு அந்த எல்லைச் செறிவில் உண்மையிலேயே ஒரு கரைசல் தயாரித்து உச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

11. பானத்தைத் தயாரித்தல்: நைலான் வடிகட்டி வேண்டாம்

புட்டியைத் திறந்து 50 மில்லிலிட்டரைப் பீக்கரில் ஊற்றி, மீயொலிக் குளியலில் கால் மணி நேரம் வைத்துக் கரியமில வாயுவை வெளியேற்றுங்கள். வாயு இருந்தால் பைப்பெட் எடுக்கும் கன அளவு பிசகும். மின்முனையில் குமிழி ஒட்டிப் பரப்பையும் மறைக்கும்.

பழக்கூழ் கலந்த பானமாக இருந்தால் வடிகட்ட வேண்டும். ஆய்வகத்தில் எளிதில் கிடைப்பது நைலான் வடிகட்டி. சன்செட் யெல்லோ ஓர் அமிலச் சாயம். அதன் சல்ஃபோனேட் தொகுதிகள் அமிலச் சூழலில் நைலானின் அமைடு, அமீன் தொகுதிகளோடு பற்றிக்கொள்ளும். கம்பளியும் நைலானும் சாயமேறுவது இதே வேதியியலால்தான். பானமோ அமிலத்தன்மை கொண்டது. வடிகட்டிய பிறகு சவ்வு ஆரஞ்சு நிறமாகியிருந்தால், நீங்கள் அளக்க வந்த பொருளில் ஒரு பகுதி அங்கேயே தங்கிவிட்டது.

மறுஉருவாக்கிய செல்லுலோஸ் அல்லது நீர்விரும்பும் பிடிஎஃப்இ (டெஃப்லான்) சவ்வைப் பயன்படுத்தி, முதல் இரண்டு மில்லிலிட்டரைக் கொட்டிவிடுங்கள். பழக்கூழ் இல்லாத தெளிந்த பானத்துக்கு வடிகட்டலே வேண்டாம்.

ஜிலேபி, கேசரி போன்ற பண்டங்களை முதல் மாதிரியாக எடுக்காதீர்கள். கொழுப்பை ஹெக்சேனால் நீக்க வேண்டும். புரதத்தோடு பிணைந்த சாயத்தைப் பிரிக்கச் சிறிது அம்மோனியா கலந்த ஆல்கஹால் வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் இழப்பு உண்டு. பானத்தில் கை தேர்ந்த பிறகு அதற்குச் செல்லலாம்.

12. குறுக்கீடுகள்

சர்க்கரை, சிட்ரிக் அமிலம், சோடியம் பென்சோயேட் ஆகியவை நாம் பார்க்கும் மின்னழுத்த எல்லைக்குள் உச்சம் தருவதில்லை. கவனிக்க வேண்டியவை வேறு மூன்று.

வைட்டமின் சி எனப்படும் அஸ்கார்பிக் அமிலம் குறைந்த நேர் மின்னழுத்தத்தில், பொதுவாக 0.4 வோல்ட்டுக்குள், ஆக்சிஜனேற்றமடையும். சில பானங்களில் சாயத்தைவிடப் பன்மடங்கு அதிகமாக இருக்கும். அதன் உச்சத்தின் வால் சாயத்தின் அடிக்கோட்டைத் தூக்கிவிடும். சாயத்தைப் போல் நூறு மடங்கு அஸ்கார்பிக் அமிலத்தைச் சேர்த்து உச்ச உயரம் 5 சதவீதத்துக்கு மேல் மாறுகிறதா என்று பாருங்கள்.

டார்ட்ரசின் என்னும் மஞ்சள் சாயம், ஐஎன்எஸ் 102, பல ஆரஞ்சு பானங்களில் சன்செட் யெல்லோவுடன் சேர்ந்தே வரும். அதன் உச்சம் 0.85 வோல்ட்டுக்கு மேல் தோன்றுவதால் பிரித்தறியலாம்.

சிக்கலானது மூன்றாவது வகை: போன்சோ 4ஆர், கார்மோய்சின் போன்ற பிற நாஃப்தால் அசோ சாயங்களும், சிட்ரஸ் பழங்களிலுள்ள ஃபிளேவனாய்டுகளும். வினைபுரியும் தொகுதி ஒத்திருப்பதால் இவற்றின் உச்சங்கள் சன்செட் யெல்லோவின் உச்சத்தை நெருங்கும் அல்லது அதன்மேலேயே விழும். லேபிளைப் படித்து, அதிலுள்ள சாயங்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதியுங்கள். உச்சம் வழக்கத்தைவிட அகலமாக இருந்தாலோ, ஒருபக்கம் தோள் போலப் புடைத்திருந்தாலோ, ஒற்றைச் சாயத்தின் எண்ணாக அதை அறிவிக்காதீர்கள். பானத்தில் இயற்கைப் பழச்சாறு உண்டென்றால், சாயம் சேர்க்காத அதே பழச்சாற்றையும் நீர்த்து அளந்து பாருங்கள்.

13. திட்டக் கரைசலைச் சேர்த்து அளத்தல்

தூய தாங்கலில் பெற்ற சாய்வும் பானம் கலந்த கரைசலில் பெறும் சாய்வும் ஒன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பானத்திலுள்ள பிற பொருள்கள் பரப்பில் இடம் பிடித்துச் சாயத்தின் உணர்திறனைக் குறைக்கும். ஆகவே அளவுத்திருத்தத்தைப் பானத்துக்குள்ளேயே நடத்துகிறோம்.

கலத்தில் 9.9 மில்லிலிட்டர் தாங்கலும் 0.1 மில்லிலிட்டர் பானமும் எடுத்து அளங்கள். பிறகு 1 மில்லிமோலார் சாயக் கரைசலை 10 மைக்ரோலிட்டர் வீதம் மூன்று முறை சேர்த்து, ஒவ்வொரு முறையும் அளங்கள். ஒவ்வொரு சேர்ப்பும் செறிவை 1 மைக்ரோமோலார் கூட்டும். கன அளவு 0.1 சதவீதமே மாறுவதால் திருத்தம் தேவையில்லை.

கணக்கைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டு. நான்கு அளவீடுகளும் 0.88, 1.90, 2.89, 3.91 மைக்ரோஆம்பியர் என்று வந்தால், சாய்வு 1.008, வெட்டுத்துண்டு 0.883. வெட்டுத்துண்டைச் சாய்வால் வகுத்தால் 0.876 மைக்ரோமோலார், இது கலத்திலுள்ள செறிவு. நூறால் பெருக்கினால் பானத்தில் 87.6 மைக்ரோமோலார். மோலார் நிறையால் பெருக்கினால் லிட்டருக்கு 39.6 மில்லிகிராம். வரம்புக்குள் இருக்கிறது.

மூன்றாவது சேர்ப்பில் புள்ளி கீழே சாய்ந்தால் கவனம். சாய்வு குறைவதால் விடை உண்மையைவிடக் கூடுதலாக வரும். ஒன்றும் அறியாத ஒரு பானத்தின் மீது பழி விழும். அத்தகைய நேரத்தில் பானத்தை இன்னும் நீர்த்துத் தொடங்குங்கள். இந்த முறை சாய்வின் பிழையை மட்டுமே திருத்தும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். 12ஆம் படியில் சொன்ன, ஒன்றின்மேல் ஒன்று விழும் உச்சங்களை இது பிரிக்காது.

14. விடையைச் சரிபார்த்தல்

மீட்புச் சோதனையில், தெரிந்த அளவு சாயத்தைப் பானத்தில் கலந்து, அதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்க்கிறோம். சாயத்தை வாயு நீக்குவதற்கும் வடிகட்டுவதற்கும் முன்பே கலக்க வேண்டும். பலர் கலத்தில் சேர்த்துவிட்டு 99 சதவீதம் என்று எழுதுகிறார்கள். வடிகட்டியில் நேர்ந்த இழப்பு அந்த எண்ணுக்குள் வரவே வராது. முறையாகச் செய்து 90 முதல் 110 சதவீதத்துக்குள் வந்தால் நல்ல முடிவு.

அதே பானத்தைப் புறஊதா–கட்புல நிறமாலைமானியிலும் அளங்கள். சன்செட் யெல்லோ 482 நானோமீட்டரை ஒட்டி அதிகமாக ஒளியை உறிஞ்சும். டார்ட்ரசின் 427ஐ ஒட்டி. இரு முறைகளும் ஒத்துவந்தால் நம்பிக்கை கூடும். ஒத்துவரவில்லை என்றால் உயர்திறன் திரவ வண்ணப்பிரிகை வசதியுள்ள ஆய்வகத்தில் ஒரு மாதிரியைக் கொடுத்துப் பாருங்கள். அந்த முடிவு வரும்வரை இரண்டில் எது சரி என்று நாமாகத் தீர்மானிக்க வேண்டாம்.

அறிக்கையில் எண்ணை எழுதும்போது பானத்தின் தொகுதி எண், புட்டி திறந்த நாள், நீர்த்த மடங்கு, சாய உள்ளடக்கச் சதவீதம், ஒப்பீட்டு மின்முனையின் வகை, சேகரித்த நொடிகள், எத்தனை மின்முனைகளில் அளந்தீர்கள் என்பவற்றையும் எழுதுங்கள். வரம்பைத் தாண்டிய எண் வந்தால் அதை நிறுவனத்தின் பெயரோடு வெளியில் பரப்பாதீர்கள். அங்கீகாரம் பெற்ற உணவுப் பகுப்பாய்வு ஆய்வகத்தின் முடிவுக்குத்தான் சட்டத்தின் முன் மதிப்பு உண்டு. திறக்காத புட்டியோடு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் தரலாம். உங்கள் அளவீட்டைப் புகாருக்கான காரணமாகக் குறிப்பிட்டால் போதும்.